ஒன்றேகால் கிலோ கூலரும் ஓசி ஃபிட்டிங்கும்

1,320 கிராம்.

நாமக்கல் பக்கம் இந்த எடையைச் சொன்னால் "உயிர்க்கோழியா, உரிச்சதா?" என்றுதான் கேட்பார்கள். கோழி இல்லை சாமி. ஆஸ்திரியாவின் நாக்டுவா கம்பெனி 2014-ல் விட்ட என்ஹெச்-டி15 என்ற ப்ராசஸர் கூலரின் எடை அது, இரண்டு ஃபேனையும் சேர்த்து. உயரம் 165 மில்லிமீட்டர். அதே கம்பெனி 2024-ல் விட்ட அடுத்த மாடல் 1,525 கிராம். 2021-ல் வந்த டீப்கூல் ஏகே620-ம் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோதான்.

இவ்வளவு எடையும் எதில் தொங்குகிறது? சுமார் 1.6 மில்லிமீட்டர் கனமே உள்ள மதர்போர்டில். அதுவும் படுத்திருக்கும் போர்டில் இல்லை. கேபினட்டுக்குள் செங்குத்தாக நிற்கும் போர்டில், சுவரில் ஆணியடித்து மாட்டிய குடம் மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு தொங்குகிறது.

இதை ஒழுங்காக மாட்டித் தரும் வேலைக்கு இந்தப் பக்கம் என்ன கூலி? பூஜ்யம். "ஃபிட்டிங் ஃப்ரீ."

இந்தப் பதிவு பெரிய கூலருக்கு எதிரானது இல்லை. அந்த "ஃப்ரீ" என்ற வார்த்தைக்கு எதிரானது.

யார் வீட்டுப் பணம்?

மோகனூரில் ஒரு பையன் கேமிங்குக்கோ வீடியோ எடிட்டிங்குக்கோ அசெம்பிள் செட் போட நினைத்தால் என்ன செய்வான்? நாமக்கல் போவான். ஆற்றைத் தாண்டிக் கரூர் போவான். இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் யாரையாவது பிடித்து, செட் போட்டு பார்சலில் அனுப்பச் சொல்வான். காசு எங்கிருந்து வருகிறது? ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய பணமாக இருக்கும். அம்மா எடுத்த சீட்டாக இருக்கும். மகளிர் குழுக் கடனாகவும் இருக்கும். வீட்டில் ஒரு பைக்குக்கு அடுத்தபடி பெரிய செலவு அதுதான்.

அந்தச் செலவின் கடைசிக் கட்டத்தில், கடை கவுன்ட்டரில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"ஏனுங்ணா, ஃபிட்டிங் ஃப்ரீதானுங்களே?"

"அதெல்லாம் ஃப்ரீதாந் தம்பி. அஞ்சே நிமிஷம், உக்காருங்க."

இரண்டு பேருக்கும் சந்தோஷம். செலவு மிச்சம் என்று பையனுக்கு, வியாபாரம் முடிந்தது என்று கடைக்காரருக்கு. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஐம்பதாயிரம் ரூபாய் செட்டின் தலையெழுத்து எழுதப்படுகிறது.

முதலில் சூட்டுக் கணக்கு

கூலரைப் பற்றி ஒரு பெரிய மூடநம்பிக்கை உண்டு. கூலர் பெரிதானால் சூடே இருக்காது என்று. ஏசி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். கூலர் குளிரை உண்டாக்காது. ப்ராசஸரில் பிறக்கும் சூட்டை செம்புக் குழாய் வழியாக அலுமினியத் தகடுகளுக்குக் கடத்தி, ஃபேன் காற்றில் விடுவதுதான் அதன் வேலை. அந்தக் காற்று என்ன சூட்டில் இருக்கிறதோ அதற்குக் கீழே எந்தக் காற்று கூலராலும் ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது.

வெளிநாட்டு ரிவ்யூக்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் வைத்துச் செய்யப்படுகின்றன. ஒரு கூலர் முழு லோடில் ப்ராசஸரை அறை வெப்பத்தைவிட 50 டிகிரி மேலே வைத்திருக்கிறது என்றால், அங்கே 71 காட்டும். ஆஹா ஓஹோ என்பார்கள். அதே கூலரை மே மாதத்தில் மோகனூரில் ஓட்டிப் பார்க்கலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கரூர் பரமத்தி, 40 டிகிரி தாண்டும் ஊர்களின் பட்டியலில் கோடையில் தவறாமல் வரும் ஊர். ஓட்டு வீட்டு அறை 38 டிகிரி என்றால் ப்ராசஸர் 88. கேபினட்டுக்குள் அடைபட்ட காற்றின் சூடு அதற்கு மேல் தனி. இன்டெல் ப்ராசஸர்கள் பலவும் 100-லும், ஏஎம்டி ரைசன் 7000 வரிசை 95-லும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆக, அங்கே 25 டிகிரி கையிருப்பு. இங்கே 10 கூட இல்லை. கூலரை ஒரு பக்கம் சாய்த்து மாட்டியதால் 12 டிகிரி கூடினால் அங்கே யாருக்கும் தெரியவே தெரியாது. இங்கே சாயங்காலத்துக்குள் செட் திணற ஆரம்பித்துவிடும். வெயில் ஊரில்தான் ஃபிட்டிங் சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் வெயில் ஊரில்தான் அது ஓசியில் நடக்கிறது.

டேலி ஓட்ட ஒன்றரைக் கிலோவா?

பி.காம் மக்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். டேலி, எக்செல், நாலு பிரவுசர் டேப், ராத்திரியில் ஒரு படம். இதற்கு ஒன்றரைக் கிலோ கூலர் எதற்கு?

ரைசன் 5 5600 ஒரு 65 வாட் ப்ராசஸர். பெட்டியிலேயே கூலர் வரும். இன்டெல் ஐ5 12400-ம் அப்படித்தான். இந்த வேலைகளுக்கு அந்த பாக்ஸ் கூலர் போதும். கேபினட்டில் முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுதல். அவ்வளவுதான் செலவு.

பெரிய கூலர் நிஜமாகவே தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கல்யாண வீடியோவை ராத்திரி முழுக்க ரெண்டர் போடும் ஸ்டுடியோக்காரர் ஒருவர். கே வகை இன்டெல் ப்ராசஸர் வாங்கியவர் இன்னொருவர். 2015-ல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்து அந்த வகைக்குப் பெட்டியில் கூலர் வைப்பதையே இன்டெல் நிறுத்திவிட்டது. 2023-ல் வந்த ஐ9 14900கே உச்சத்தில் 253 வாட் இழுக்க அனுமதிக்கப்பட்டது. அதற்குச் சின்னக் கூலர் போடுவது, பத்து டன் லாரிக்கு டிவிஎஸ் 50 பிரேக் போடுவது மாதிரி. பெரிய கூலரில் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தம் குறையும். அதெல்லாம் உண்மையான லாபம்.

ஆனால் கண்ணாடிக் கேபினட்டில் விளக்கு எரிகிறது, கெத்தாக இருக்கிறது என்பதற்காக வாங்குபவர்கள்தான் ஓசி ஃபிட்டிங்கின் முதல் பலி. தேவை என்ன என்று தெரிந்து வாங்கியவராவது மாட்டும்போது பக்கத்தில் நின்று கேள்வி கேட்பார்.

அந்த ஐந்து நிமிஷத்தில்

கூலர் மாட்டும் இடத்தில் போர்டு சாவது புதுக் கதை இல்லை. 2000-களின் தொடக்கத்தில் ஏஎம்டி சாக்கெட் ஏ போர்டுகளில் கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மாட்டுவார்கள். டிரைவர் வழுக்கினால் போர்டில் கோடு விழும், கோட்டில் வயர் அறும். மூடி இல்லாமல் திறந்து கிடந்த சிப்பின் மூலை நொறுங்கிப்போன கதைகளும் உண்டு. 2004-ல் எல்ஜிஏ 775 வந்தபோது இன்டெல் நாலு பிளாஸ்டிக் புஷ் பின் கொடுத்தது. எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டு பின்னை 'டக்' என்று அமுக்க வேண்டும். ஒன்று சரியாக மாட்டாவிட்டால் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். வருஷக்கணக்கில் அப்படியே ஓடிய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எத்தனையோ.

இன்றைய பெரிய கூலரில் புஷ் பின் வேலைக்காகாது. போர்டுக்குப் பின்னால் பேக்பிளேட் என்ற தகட்டை வைத்து, முன்பக்கத்தில் இருந்து அதில் திருக வேண்டும். எடை அந்தத் தகட்டில் பரவும். இதை நிதானமாகச் செய்ய போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுப்பது நல்லது. பின்னால் வழிவிட்ட கேபினட் என்றால் அங்கிருந்தே கைவிடலாம். ஐந்து நிமிஷக்காரர் இரண்டையும் செய்ய மாட்டார். ஒரு கையால் பின்னால் குத்துமதிப்பாகப் பிடித்து, மறு கையால் முன்னால் திருகுவார்.

அடுத்தது துளைக் கணக்கு. எல்ஜிஏ 1156-லிருந்து 1200 வரை கூலர் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். 2021-ல் வந்த எல்ஜிஏ 1700-ல் அது 78 ஆனது. சிப் உட்காரும் உயரமும் குறைந்தது. பழைய கூலர் என்றால் புது கிட் வேண்டும். மூன்று மில்லிமீட்டர்தானே என்று இழுத்து மாட்டினால் சிப்பின் மேல் விழ வேண்டிய அழுத்தம் விழாது. ஏஎம்5 போர்டில் வேறு சங்கதி. சாக்கெட்டோடு வந்த பேக்பிளேட்டைக் கழற்றவே கூடாது, அதிலேயேதான் கூலரைத் திருக வேண்டும். ஏஎம்4-ல் நாலு ஸ்க்ரூவைக் கழற்றியதும் பின்தகடு பொத்தென்று கீழே விழும். இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர் கையில் போர்டைக் கொடுப்பது எப்படி இருக்கும்?

ஏஎம்4-ல் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய பேஸ்ட் இறுகியிருக்கும்போது கூலரை நேராக இழுத்தால், பூட்டு போட்டபடியே ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அடியில் ஊசி மாதிரி நூற்றுக்கணக்கான பின்கள். ஒன்று வளைந்தாலும் தலைவலி. செட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை இடவலமாக மெல்லத் திருகித் திருகி எடுக்க வேண்டும். இதற்கே பத்து நிமிஷம் ஆகும். கூலியோ பூஜ்யம்.

பிறகு கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஃபிலிம். கிழித்துவிட்டு மாட்டு என்று அதிலேயே எழுதியிருக்கும். அதை எடுக்காமலே மாட்டிவிட்டு, "பிராண்ட் சரியில்லீங்க" என்று கூலரைத் திட்டும் கூத்தும் நடக்கிறது. பேஸ்ட் சங்கதியோ இதற்கு நேரெதிர். பட்டாணி அளவு நடுவில் வைத்தால் பெரும்பாலான சிப்புக்குப் போதும். இங்கே பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றுகிற மாதிரி ஊற்றுகிறார்கள். பேஸ்ட் என்பது இரண்டு உலோகத்துக்கும் நடுவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தை அடைப்பதற்கு. உலோகம் உலோகத்தைத் தொடுவதுதான் முக்கியம்.

கடைசியில் ஸ்க்ரூ. நாமக்கல் பைபாஸில் லாரி டயர் மாட்டும் பையனைக் கேட்டால் தெரியும். ஒரு நட்டை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்த நட்டுக்குப் போக மாட்டான். எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவான். இல்லாவிட்டால் சக்கரம் கோணும் என்று அவனுக்குத் தெரியும். கூலருக்கும் அதே விதிதான். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கூலர் சாயும், பேஸ்ட் ஒரு பக்கமாகப் பிதுங்கும், சிப்பின் ஒரு மூலை மட்டும் வேகும்.

இடம் பற்றிக் கேட்கவே வேண்டாம். 160 மில்லிமீட்டர் கூலருக்கு மட்டும் இடம் உள்ள கேபினட்டில் 165-ஐத் திணித்தால் பக்கக் கண்ணாடி மூடாது. என்ஹெச்-டி15-ல் இரண்டு ஃபேனும் போட்டால் அடியில் ரேமுக்கு இருக்கும் உயரம் 32 மில்லிமீட்டர். விளக்கு வைத்த ரேம்கள் 40-ஐத் தாண்டும். ஃபேனை மேலே ஏற்றினால் மொத்த உயரமும் ஏறும், மறுபடியும் கண்ணாடி மூடாது. வாங்கும் முன் மூன்று எண்களைப் பார்த்தால் முடிந்துபோகும் சமாச்சாரம். பார்ப்பதற்கு யாருக்குக் கூலி?

லாரி ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா?

லாரி கட்டுவதில் நாமக்கல்லுக்கு ஈடு உண்டா? பாடி கட்டுகிறார்கள், கேஸ் டேங்கர் ஓட்டுகிறார்கள், முட்டையை உடையாமல் எங்கெங்கோ கொண்டுசேர்க்கிறார்கள். லோடு ஆடக்கூடாது, ஆடினால் வண்டியே கவிழும் என்பது இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஒன்றேகால் கிலோ கூலரை மாட்டியபடியே, செட்டை நிற்க வைத்து, ஆம்னி பஸ் டிக்கியில் போட்டு அனுப்புகிறார்கள்.

கணக்கு சின்னதுதான். 1.3 கிலோ. போர்டிலிருந்து சுமார் 8 சென்டிமீட்டர் தள்ளி அதன் நடு எடை. வண்டி ஒரு வேகத்தடையில் தூக்கிப்போடும்போது ஐந்து மடங்கு அதிர்ச்சி என்று வைத்தாலும், அந்த நொடியில் போர்டுக்கு அது ஆறரைக் கிலோ. ஆறரைக் கிலோ அரிசிப் பையை போர்டில் கட்டித் தொங்கவிட்டு, ரிச்சி தெருவிலிருந்து மோகனூர் வரைக்கும் குலுக்கினால் என்ன ஆகும்? போர்டு வளையும். கண்ணுக்குத் தெரியாத சாலிடர் விரிசல் விழும். அன்றைக்கே சாகாது. மூன்று மாதம் கழித்து "அப்பப்ப ஹேங் ஆகுதுங்க" என்று தொடங்கும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2015-ல் இன்டெல் ஸ்கைலேக் ப்ராசஸர்களின் அடித்தகடு முந்தைய தலைமுறையைவிட மெல்லிசாக வந்தது. அந்த வருஷக் கடைசியில் ஜப்பானின் சைத் கம்பெனி, தன் சில கூலர்கள் மாட்டிய செட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஏற்படும் அதிர்ச்சியில் ப்ராசஸரும் போர்டும் சேதமாகலாம் என்று தானே அறிவித்தது. அழுத்தம் குறைந்த ஸ்க்ரூ செட்டை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்தது. நாக்டுவாவும் 700 கிராமுக்கு மேற்பட்ட தன் கூலர்களுக்கு, செட்டை வேறிடம் கொண்டுபோகும் முன் கூலரைக் கழற்றிவிடுவது நல்லது என்றே சொல்கிறது. தயாரித்தவனே பயப்படுகிறான். பார்சல் ஒட்டுபவருக்கு மட்டும் பயம் இல்லை.

கழற்றித் தனிப் பெட்டியில் வைத்து அனுப்பினால், இங்கே வந்து ஒருவர் மாட்ட வேண்டும். அதற்குக் கூலி வேண்டும். அதனால்தான் யாரும் கழற்றுவதில்லை. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

கடைக்காரர் மட்டுமா குற்றவாளி?

இல்லவே இல்லை. ஆன்லைன் விலையை மொபைலில் காட்டி "இதே ரேட்டுக்குத் தருவீங்களா?" என்று நிற்பது யார்? நூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுவது யார்? பொருளில் வரும் லாபம் பேரத்தில் கரைந்த பிறகு, ஒரு மணி நேர வேலையை ஃப்ரீயாகக் கேட்டால், கடைக்காரர் அதை ஐந்து நிமிஷ வேலையாக மாற்றித்தான் தருவார். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தையும் மாதச் சம்பளத்துக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தலையில் கட்டுவார். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் நேரம் இல்லை.

சலூனில் முடிவெட்ட இத்தனை, ஷேவிங்குக்கு இத்தனை என்று போர்டு இருக்கிறது. டெய்லர் கடையில் பிளவுஸ் தைக்கக் கூலி தனி, லைனிங் துணி தனி. யாரும் சண்டை போடுவதில்லை. கம்ப்யூட்டர் கடையில் மட்டும் கைவேலைக்கு விலை கிடையாது என்று யார் சட்டம் போட்டது?

ஒரு காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கு

உதாரணத்துக்கு எண்களை இப்படி வைத்துக்கொள்ளலாம். போர்டு 12,000. ப்ராசஸர் 20,000. ஆபத்தில் இருப்பது 32,000 ரூபாய். ஒழுங்கான ஃபிட்டிங்குக்கு 500 ரூபாய் கேட்டால் கொடுக்கலாமா?

ஓசி ஃபிட்டிங்கில் நூறு செட்டில் வெறும் இரண்டு செட் நாசமானாலே, செட்டுக்கு எதிர்பார்க்கும் நஷ்டம் 640 ரூபாய். 500 கொடுத்து அதைத் தவிர்த்தால் 140 லாபம். இதில் அலைச்சல், பஸ் செலவு, பரீட்சை நேரத்தில் செட் இல்லாத கஷ்டம் எதுவும் சேரவில்லை. உடைந்த பொருளுக்கும் வளைந்த பின்னுக்கும் வாரண்டி கிடையாது என்று கம்பெனிக்காரன் கார்டிலேயே அச்சடித்து வைத்திருக்கிறான். முழு நஷ்டமும் வாங்கியவர் தலையில்தான்.

பிசினஸ் லா வகுப்பில் தூங்காதவர்களுக்கு இன்னொரு விஷயம் ஞாபகம் இருக்கும். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(42). 'சேவை' என்றால் என்ன என்று விளக்கிவிட்டு, இலவசமாகச் செய்து கொடுக்கும் சேவை அதில் சேராது என்று சொல்கிறது. 1986-ம் வருஷத்துப் பழைய சட்டத்திலும் இதே கதைதான். அதாவது "ஃபிட்டிங் ஃப்ரீ" என்று வாங்கிய நிமிஷமே, "சேவைக் குறைபாடு" என்று கேஸ் போடும் பிடி நழுவத் தொடங்குகிறது. பொருளின் விலைக்குள்ளேயே ஃபிட்டிங்கும் அடக்கம் என்று வாதாடலாம்தான். ஆனால் வாதாடி ஜெயிக்க வேண்டும். பில்லில் "கூலர் ஃபிட்டிங் ரூ. 500" என்று ஒரே ஒரு வரி இருந்தால் அந்த வாதமே தேவையில்லை.

அந்த 500 ரூபாயில் கிடைப்பது வேலை மட்டும் இல்லை, வேலைக்குப் பொறுப்பேற்கும் ஓர் ஆளும்தான். ஃப்ரீ என்றால் பொறுப்பும் ஃப்ரீ.

வழக்கமாக வரும் மூன்று பதில்கள்

"லிக்விட் கூலர் போட்டால் போச்சு." சரி, எடையுள்ள ரேடியேட்டர் கேபினட்டில் மாட்டிக்கொள்ளும், போர்டுக்குப் பாரம் குறையும். ஆனால் ப்ராசஸர் மேல் உட்காரும் பிளாக்குக்கும் அதே ஸ்க்ரூ, அதே பேஸ்ட், அதே ஃபிலிம்தான். கூடவே ஒரு பம்ப், இரண்டு குழாய். தப்பாக மாட்ட இன்னும் இரண்டு வழி.

"யூடியூப் பார்த்து நாங்களே மாட்டிப்போம்." தாராளமாக! ஒரு முழு சாயங்காலத்தை ஒதுக்கி, கூலரோடு வந்த கையேட்டை முழுசாகப் படித்து, அவசரப்படாமல் மாட்டுபவர் எந்தக் கடைக்காரரையும்விட நன்றாக மாட்டுவார். ஏனென்றால் அவர் தன் நேரத்தைக் கூலியாகக் கொடுக்கிறார். வேலைக்கு விலை உண்டு என்பதற்கு அவரே சாட்சி.

"தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் ஓசியில மாட்டித்தான் அஞ்சு வருஷமா ஓட்டுறாரு." இருக்கலாம். கயிறு கட்டாத லோடும் சில சமயம் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை வைத்து எந்த முதலாளியும் கயிறு வாங்குவதை நிறுத்தவில்லை.

பில் போடும் முன் கேட்க வேண்டியவை

1. ஃபிட்டிங் கூலி எவ்வளவு, பில்லில் தனி வரியாக வருமா?
2. கூலர் உயரம், கேபினட்டில் உள்ள இடம், ரேம் உயரம் - மூன்றும் ஒத்துப்போகிறதா?
3. இந்த சாக்கெட்டுக்கான கிட் பெட்டிக்குள் இருக்கிறதா?
4. மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாமா? ஃபிலிமைக் கிழித்துக் கையில் தருவார்களா?
5. ஃபேன் வயர் சிபியு ஃபேன் என்று எழுதிய பின்னில் போயிருக்கிறதா? காற்று பின்பக்கமாக வெளியேறுகிறதா?
6. மாட்டி முடித்து அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டி, டிகிரியைத் திரையில் காட்டுவார்களா?
7. பார்சல் என்றால் கூலரைக் கழற்றி அனுப்புவார்களா? சொந்தக் காரில் எடுத்துப்போவது என்றால் கண்ணாடிப் பக்கம் மேலே பார்க்கும்படி கேபினட்டைப் படுக்க வைக்கலாம். அப்போது போர்டு தரைக்கு இணையாக இருக்கும், கூலர் நேராக நிற்கும்.

ஏழாவது கேள்வி வரை முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கடைக்காரர் 500 கேட்டால் பேரம் பேசாமல் கொடுக்கலாம். அப்படி நாலு பேர் கொடுத்தால், அவர் தன் கடைப் பையனுக்கு அந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பார். அந்தப் பையனுக்கும் கையில் ஒரு தொழில் நிற்கும். இல்லாவிட்டால் அவன் அடுத்த செட்டிலும் ஒரு பக்கத்தை முழுசாக முடுக்கிவிட்டுத்தான் மறுபக்கம் போவான். அந்த செட்டும் யாரோ ஓர் அம்மா எடுத்த சீட்டுப் பணமாகத்தான் இருக்கும்.

டிஸ்கி: பெயர் சொன்ன கம்பெனிகளுக்கு இது விளம்பரமும் இல்லை, வசையும் இல்லை. பாக்ஸ் கூலரோடு டேலி ஓட்டிக்கொண்டிருக்கும் மக்கள் நிம்மதியாகத் தூங்கலாம். தூசி மட்டும் தட்டவும்.